அந்த ரோஜாவை வரைந்தது யார்?

கேள்வி: ஹங்கேரியில் எகெர் நகரத்தில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஆரணியில் ஐந்து வருடம் ஆரி பிளவுஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டி மெசோகோவெஷ்த் ஊர்க்காரர். அவரிடம் அந்தப் பக்கத்துப் பூத்தையலான மாட்யோ ரோஜா போடக் கற்றுக்கொண்டேன். கறுப்புத் துணியில் ஒரு குஷன் கவர் முடிக்க 34 மணி நேரம் ஆனது. தெரிந்தவர் ஒருவர் 15,000 ஃபோரின்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார். இதையே தொழிலாகச் செய்யலாமா? சால்வை, மேசை விரிப்பு, பை, குழந்தை உடை எல்லாம் மனதில் இருக்கிறது. ஆரி ஊசியில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றுகிறது. கணவர் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கலாம் என்கிறார். அவர்கள் ஊர்க் கலையை நான் விற்பது தப்பில்லையா என்ற உறுத்தலும் இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டேன். 15,000ஐ 34ஆல் வகுத்தால் மணிக்கு 441 ஃபோரின்ட். துணி, நூல், ஜிப் காசைக் கழித்தால் அதுவும் நிற்காது. எகெரில் ஒரு காபி குடிக்க அந்தக் காசு போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். வாங்கியவர் மேல் குற்றமில்லை. அவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் இது விலையே இல்லை, அன்பளிப்பு. இதை அடிப்படையாக வைத்துத் தொழிலைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தையலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மெஷினைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். துணியில் இருந்த படம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வரி இல்லை. பாட்டி வரைந்து கொடுத்தாரா? கடையில் ஏற்கெனவே அச்சடித்து விற்கும் துணியை வாங்கினீர்களா? இணையத்தில் எடுத்ததா? 22 ஆண்டுகளாகக் கைத்தையல் ஏற்றுமதி, சிறு கைவினைக் கடைகள் என்று இந்தத் துறையிலேயே இருக்கிறேன். பொழுதுபோக்காகத் தைப்பவரையும் தொழிலாகத் தைப்பவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். ஹங்கேரித் தையல் விஷயத்தில் அது இன்னும் உண்மை.

மெசோகோவெஷ்த்திலும், பூத்தையலுக்குப் பேர்போன இன்னொரு ஊரான கலோச்சாவிலும் பூ வரைபவர் வேறு, தைப்பவர் வேறு. வரைகிற பெண்ணுக்கு ஹங்கேரி மொழியில் ‘ஈரோஅஸ்ஸோனி’ என்று பெயர். நேராகச் சொன்னால் ‘எழுதுகிற பெண்’. நம் மொழியிலும் ஓவியம் எழுதினான், கண்ணுக்கு மை எழுதினாள் என்றுதானே சொல்வோம்? அதே மாதிரிதான். ஊர்ப் பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு இவர்களிடம் போவார்கள். அவர் வெறும் கையாலேயே துணி முழுக்கப் பூவும் இலையும் எழுதித் தருவார். வீட்டுக்குக் கொண்டுபோய் நூல் போடுவது மற்றவர்கள் வேலை. அந்த ஊர் வரலாற்றில் பெயர் நின்றது எழுதியவர்களுக்குத்தான். மெசோகோவெஷ்த்தில் கிஷ் யங்கோ போரி என்ற அம்மையார் இருந்தார் (அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், நம் இனிஷியல் மாதிரி). 1876இல் பிறந்து 1954இல் மறைந்தவர். ‘நூறு ரோஜா’ என்று ஒரு வடிவம் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது. அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். உங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், இதுவரை பார்க்கவில்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாருங்கள். அந்த வீட்டுப் பக்கத்துத் தெருக்களில் கூரை வீடுகளில் கைவினைஞர்கள் பட்டறை வைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒருமுறை வந்தபோது அரை நாள் ஒதுக்கியிருந்தேன், போதவில்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை, மூன்று மாதம் ஊசியை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். பாட்டியிடம் தையலைக் கற்றது போதும், வரையக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ரோஜாவை எத்தனை வளையமாகப் பிரிக்கிறார், எந்த இலை எந்தப் பூவுக்குத் துணை, மூலையில் எப்படித் திருப்புகிறார், இரண்டு பூவுக்கு நடுவே விழும் இடைவெளியை எதை வைத்து நிரப்புகிறார், இதெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள். ஆரணியில் நீங்கள் இருந்தபோது டிசைன் போடுபவர் தனி, பூ போடுபவர் தனி என்று பார்த்திருப்பீர்கள். பூ போடும் கைகள் ஆயிரம் இருக்கும், நல்ல டிசைன் கைக்காக ஆள் காத்திருப்பார்கள். தையலை யாரும் இன்னொருவரிடம் மலிவாகச் செய்து வாங்கலாம். உங்கள் கையில் வளர்ந்த படத்தை அப்படி வாங்க முடியாது.

அப்புறம், ‘ஹங்கேரி எம்பிராய்டரி’ என்று ஒன்று இல்லை. இது காஞ்சிப் பட்டையும் சின்னாளப்பட்டியையும் சேர்த்து ‘இந்தியப் புடவை’ என்பது போல. நீங்கள் கற்றது மாட்யோ. மெசோகோவெஷ்த், செந்த்இஷ்த்வான், தார்த் என்ற மூன்று ஊர்களின் கலை அது. இடைவெளியே விடாத நெருக்கம், பெரும்பாலும் கறுப்புத் தளம், கொழுத்த ரோஜா, சாட்டின் தையல். 2012இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இதைத்தான். கலோச்சா தெற்கே, டான்யூப் பக்கம் இருக்கும் மிளகாய்ப்பொடி ஊர். அங்கே வெள்ளைத் துணியில் காற்றோட்டமாகப் பூக்கள், நடுநடுவே வெட்டி எடுத்த ஓட்டை வேலை. அந்த ஊர்ப் பெண்கள் அதே பூக்களை வீட்டுச் சுவரிலும் தீட்டுவார்கள். மூன்றாவது கலோட்டாசெக். ஹங்கேரி மக்கள் வாழும் பகுதிதான், ஆனால் இன்று ருமேனியாவில், க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ‘ஈராஷோஷ்’ என்று ஒரு வகை உண்டு. அந்தப் பெயருக்கும் ‘எழுதியது’ என்றுதான் பொருள். சிவப்பு, கறுப்பு, நீலம், இதில் ஏதாவது ஒரே நிறம், தடித்த சங்கிலி போன்ற கோடு, பெரிய பெரிய வடிவம்.

கலோட்டாசெக் கதையில் உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. 1885இல் புடாபெஸ்ட்டில் நடந்த தேசியக் கண்காட்சிக்கு அந்தப் பகுதித் துணிகளைக் கொண்டுபோய்க் காட்டியவர் ஜார்மதி என்ற பெண் எழுத்தாளர். அதற்கு முன் அது அந்த ஊர்க் கட்டிலுக்கும் மேசைக்கும் போட்ட துணி. அதன்பின் நகரத்து வீடுகள் கேட்டு வாங்கத் தொடங்கின. யார் தைத்தார்கள் என்பதோடு, யார் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதும் இந்தத் தொழிலில் பாதி.

ஆரி கேள்விக்கு வருகிறேன். மாட்யோ பூ சாட்டின் தையல். இதழின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூல் பக்கம் பக்கமாகப் படுக்க வேண்டும். ஆரி ஊசி போடுவது சங்கிலி. மாட்யோ ரோஜாவை ஆரியில் நிரப்பினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மெசோகோவெஷ்த் பாட்டி ஒருவர் அதைத் தொட்டதும் சிரித்துவிடுவார். வேகம் கிடைக்கும், பெயர் போய்விடும். கலோட்டாசெக் வேலை உங்கள் கைக்கு ஓரளவு சொந்தம். அங்கேயும் சங்கிலிதான், ஆனால் ஏணிப்படி மாதிரி வாய் அகன்ற திறந்த சங்கிலி, சாதாரண ஊசியில் நெருக்கி நெருக்கிப் போடுவது. ஆரி போடுவது மூடிய சங்கிலி. இரண்டும் அக்காள் தங்கை என்று சொல்லலாம், இரட்டைப் பிறவி இல்லை. ஐந்து வருட ஆரிப் பழக்கத்தில் கோடு கோணாமல் வளைக்கும் கை உங்களுக்கு இருக்கும். அந்தக் கையோடு திறந்த சங்கிலி பழகினால் ஒரு மாதத்தில் பிடிபடும். ஒரே நிறம் என்பதால் நூல் மாற்றும் நேரமும் மிச்சம். மாட்யோவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பாட்டி கற்றுக்கொடுத்ததை விடுவது மனதுக்கும் சரிவராது. ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் கலோட்டாசெக் வேலை உங்களுக்குச் சோறு போடும் வாய்ப்பு அதிகம்.

ஆரி வேலையிலிருந்து தாராளமாகக் கொண்டுவர வேண்டியது ஒன்று உண்டு, டிரேசிங் முறை. தாளில் ஊசியால் குத்தித் துளையிட்டு, பொடியைத் தேய்த்துப் படத்தை இறக்குவது. கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடி அற்புதமாக விழும். ஒரே படத்தைப் பத்துத் துணியில் ஒரே அளவில் இறக்கலாம். ஆனால் ஊரில் செய்வது போல மண்ணெண்ணெயில் கரைக்காதீர்கள். அந்த வாடை நமக்குப் பழகிவிட்டது, பார்சலைத் திறக்கும் வியன்னாக்காரருக்குப் பழகியிருக்காது. பொடியை உலர்வாகவே தேய்த்து, விழுந்த புள்ளிகளைத் தண்ணீரில் போகும் வெள்ளை மார்க்கர் பேனாவால் இணைத்தாலே போதும்.

மெஷின் வேண்டாம். மெஷின் பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. புடாபெஸ்ட் மத்தியச் சந்தைக் கட்டடத்தின் மாடிக்கு ஒருமுறை கணவரை அழைத்துப் போங்கள். 1897இல் கட்டி முடித்த அழகான கட்டடம், கீழே காய்கறியும் இறைச்சியும், மேலே வரிசையாகப் பூப்போட்ட துணிக் கடைகள். அங்கே மெஷின் பூ எந்த விலைக்குப் போகிறது என்று அவரே பார்க்கட்டும். கடன் வாங்கி ஒரு மெஷின் வைத்துக்கொண்டு, நூறு மெஷின் ஓட்டுபவரோடு விலையில் மோதி நீங்கள் ஜெயிக்க முடியாது. கையால் செய்தது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் துருப்பு, அதை முதல் ஆட்டத்திலேயே கீழே போடாதீர்கள். விளிம்பு அடிக்க, பை மூட்ட, ஜிப் வைக்கச் சாதாரண தையல் மெஷின் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதை விவரக் குறிப்பில் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி அந்த உறுத்தல். அது இருப்பது நல்லது. இல்லாதவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். 2017இல் பாரிஸின் பெரிய ஃபேஷன் நிறுவனம் ஒன்று, ருமேனியாவின் பிஹோர் பகுதி மேலங்கியை ஏறத்தாழ அப்படியே எடுத்து விற்றது. அந்த ஊர்ப் பெயரும் இல்லை, ஊருக்குப் பங்கும் இல்லை. மறு ஆண்டு உள்ளூர்க் கைவினைஞர்கள் சார்பில் ‘பிஹோர் கூத்யூர்’ என்ற பெயரில் கிண்டலாக ஒரு விற்பனைப் பிரசாரமே நடந்தது. அந்த நிறுவனம் செய்த தவறு பூவை எடுத்ததல்ல, ஊரைச் சொல்லாமல் எடுத்தது.

நீங்கள் கற்றது ஆள் முன்னால் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு. அதுவே பாதி வழி. மீதிக்கு மூன்று காரியம் செய்யுங்கள். பழைய பொது வடிவங்களை எடுத்து ஆளலாம். ஆனால் இப்போது வாழும் ஒரு கலைஞர் வரைந்த படத்தை, கடையில் அச்சடித்து விற்கும் துணிப் படத்தை, ஒருவரின் வடிவப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே போட்டு விற்கக் கூடாது. அது மரபு இல்லை, அவர் சொத்து. அடுத்து, பெயரில் நேர்மை. ‘அசல் மாட்யோ’ என்று போடாதீர்கள். ‘மெசோகோவெஷ்த் பாட்டியிடம் கற்ற தமிழ்ப் பெண் கையால் தைத்தது’ என்று போடுங்கள். விற்பனைக்கும் அதுதான் பலம். அசல் மாட்யோ என்று நூறு பேர் சொல்வார்கள், உங்கள் வாக்கியத்தை வேறு யாரும் சொல்ல முடியாது. கடைசியாக, பாட்டிக்கு ஒரு பங்கு. அவர் வரைந்த படமாக இருந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் இவ்வளவு என்று பேசிக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று கையை உதறுவார், பாட்டிகள் அப்படித்தான். பரவாயில்லை, எழுதிக் கொடுங்கள். மெசோகோவெஷ்த்தில் 1991இல் தொடங்கிய மாட்யோ நாட்டுப்புறக் கலைச் சங்கம் இருக்கிறது. பாட்டியோடு போய் அறிமுகப்படுத்திக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகள் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு பெண்ணின் காதலனைப் பிசாசு தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோடைக்காலப் பூக்களை ஏப்ரனில் அள்ளிக்கொண்டு வந்தால் விடுகிறேன் என்றதாம். நடுக்குளிர்காலம். பெண் உட்கார்ந்து ஏப்ரன் முழுக்க ரோஜா தைத்துக்கொண்டு போய் மீட்டு வந்தாள். அட்வான்ஸ் இல்லாமல் கெடு வைத்து ஆர்டர் எடுக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெண்ணுக்குக் காதலனாவது கிடைத்தான். நீங்கள் தனி ஆர்டர் எடுத்தால் பாதிப் பணம் கையில் வாங்காமல் துணியை வெட்டாதீர்கள்.

வேடிக்கை போகட்டும், அந்த ஊர்த் தையலுக்கு வறுமை நெருங்கிய சொந்தம். மாட்யோ மக்களில் பலர் நிலமில்லாமல், ஆண்டில் சில மாதம் தூரத்துப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள். தையல் வீட்டுச் செலவுக்கு வந்த துணைக் கூலி. துணியும் நூலும் வெளியிலிருந்து யாராவது கொடுப்பார்கள், பீஸ் கணக்கில் காசு வரும். துணிமேல் மோகமும் குறைவில்லை. மினுக்குப் பட்டையும் ஜரிகையும் வாங்கிக் குடும்பங்கள் கடனில் விழுவதைப் பார்த்து, 1920களில் ஊர்ப் பெரியவர்களும் தேவாலயமும் சேர்ந்து அவற்றைத் திரட்டிக் குவித்து நெருப்பு வைத்தார்கள். மினுக்கு போன இடத்தை நூல் பூ இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொண்டது. மணிக்கு 441 ஃபோரின்ட் என்ற உங்கள் கணக்கைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பீஸ் கூலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆகவே விலைக்கு வருவோம். மணிக்கு 2,500 ஃபோரின்ட் என்று ஒரு கூலி வைத்துக்கொள்வோம், நீங்கள் ஏற்றலாம், இறக்கலாம். அதே குஷன் கவருக்கு 34 மணி என்றால் கூலி மட்டும் 85,000. அதைக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார், ஆனால் அவர் உங்களை இன்னும் கேள்விப்படவில்லை. முதல் ஆண்டில் அந்தக் குஷன் உங்கள் கடைச் சரக்கு ஆகாது, உங்கள் அடையாளப் பலகை. ஒன்றிரண்டு செய்து, முழு விலை ஒட்டி, முன்னால் வையுங்கள். விற்காவிட்டாலும் மற்றதை விற்றுக் கொடுக்கும்.

விற்கும் சரக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உதாரணத்துக்கு ஒரு லினன் பை, மேல் மூலையில் உள்ளங்கை அளவு ஒரே பூ. கூலி 7,500, பை 2,000, நூல் 400, லேபிளும் பேக்கிங்கும் 500. கூட்டினால் 10,400. கரண்டு, போன், வீணாகும் துணி, சந்தைக்குப் போகும் ரயில் என்று இதற்கு மேல் 15 சதவீதம் வைத்தால் 11,960, அதாவது 12,000. இது நீங்கள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை. கடை 40 சதவீதம் எடுத்தால் கடையில் 20,000 என்று போட வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். நேரில் 12,000க்கு விற்றுவிட்டுக் கடையில் 20,000 வைத்தால் கடைக்காரர் இரண்டாம் வாரமே பையைத் திருப்பி அனுப்புவார். எங்கே விற்றாலும் 20,000தான். அந்த விலைக்குப் பை நிற்காது என்று தோன்றினால் பூவைச் சின்னதாக்குங்கள், கூலியைச் சின்னதாக்காதீர்கள்.

இன்னொன்று, நேரத்தை மனதில் கணக்குப் போடாதீர்கள். போனில் டைமர் வைத்து, வரைவது, இறக்குவது, தைப்பது, துவைத்துத் தேய்ப்பது, போட்டோ எடுப்பது என்று தனித்தனியாக ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். தையலுக்கு ஆகும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி வேறு வேலைகளுக்குப் போவது தெரியும். நான் பார்த்த சிறு தொழில்கள் பலவற்றில் அந்தப் பாதிக்குக் கூலியே போட்டிருக்க மாட்டார்கள்.

எதில் தைப்பது என்று யோசிக்கும்போது சாட்டின் தையலின் குணத்தையும் பாருங்கள். அகலமான இதழில் நூல் நீளமாகக் கிடக்கும், மோதிரத்திலும் பட்டனிலும் மாட்டி இழுக்கும். உட்காரும் இடம், உரசும் இடம், பையின் அடிப்பக்கம் ஆகாது. சட்டைக் காலர், பாக்கெட், புரூச், கண்ணாடிக் கூடு, சின்ன ஃப்ரேமில் சுவருக்கு, இவையெல்லாம் சரி. மேசை விரிப்பை மறந்துவிடுங்கள், நேரம் தின்னும். குழந்தை உடை இப்போதைக்கு வேண்டாம். பின்பக்க முடிச்சு குழந்தை உடம்பை அறுக்கும், விரல் நூலில் மாட்டும். பொம்மை செய்தால் ஐரோப்பிய விதிப்படி, பாதுகாப்பானது என்று செய்தவரே பொறுப்பேற்றுப் போடும் சிஇ குறி போட வேண்டும், அதற்குச் சோதனை, காகிதம் என்று தனிச் செலவு. சால்வை ஆசையை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். இரண்டு பொருள், மூன்று பூ, இரண்டு தள நிறம், முதல் ஆண்டுக்கு இது தாராளம்.

நூலில் கஞ்சத்தனம் வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வெள்ளைத் துணியில் சிவப்புப் பூப்போட்ட 300 மேசை விரிப்பு ஏற்றுமதிக்குத் தயார் செய்தோம். சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் நடுவில் வேறொரு இடத்தில் வாங்கினேன். கையில் பார்த்தால் ஒரே நிறம். வாங்கியவர் ஒன்றைத் துவைத்துப் பார்த்தார், பூவைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு குளம். முழுச் சரக்கும் திரும்பி வந்தது. எந்த விரிப்பில் எந்த நூல் என்று பிரிக்கவும் வழியில்லை. அன்றிலிருந்து புது நூல் கண்டு எது வந்தாலும் ஒரு முழம் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடாக அயர்ன் செய்து பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. கலோச்சாக்காரர்களும் முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு, நீலம், கறுப்பு என்றுதான் இருந்தார்கள். துவைத்தால் நிற்கும் சாயம் அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கிடைத்தது. நாம் இன்று பார்க்கும் வண்ணக் கூட்டம் பின்னால் வந்தது. டிஎம்சி மாதிரி எண் போட்டு வரும் நூலை வாங்குங்கள். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. எந்தப் பூவுக்கு எந்த எண், எத்தனை இழை என்று ஒரு நோட்டில் எழுதி, நூல் துண்டை அதன் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

விற்பனை இடம் என்று பார்த்தால், ஹங்கேரிக்குள் மெஷ்கா என்று கைவினைப் பொருளுக்கே ஒரு இணையச் சந்தை இருக்கிறது. வெளிநாட்டுக்கு எட்ஸி, ஒரு பொருள் பட்டியலில் ஏற்ற 20 அமெரிக்க சென்ட். இரண்டிலும் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தால் ஆள் வராது. முதல் பத்து வாடிக்கையாளர் எகெரிலேயே கிடைப்பார்கள். கோட்டையும் ஒயினும் பார்க்க வரும் சுற்றுலாக்காரர் தங்கும் சின்ன விடுதிகள், ஒயின் நிலவறைகள், அங்கே ஒரு கண்ணாடி அலமாரி கேளுங்கள். சந்தைக்குப் போனால் ஃப்ரேமைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தையுங்கள். தைக்கிற கையைப் பார்த்துவிட்டு விலையைப் பேரம் பேசுபவர் குறைவு.

மரபு வழியிலேயே போக விருப்பம் வந்தால் இன்னொரு கதவு உண்டு. புடாபெஸ்ட்டில் ‘மரபு இல்லம்’ என்று பொருள்படும் ஹாஜோமான்யோக் ஹாஸா என்ற அரசு நிறுவனம், கைவினைஞர்கள் கொண்டுவரும் பொருளை நடுவர் குழு வைத்துப் பார்த்து ஏற்கிறது. ஆகஸ்ட் 20ஐ ஒட்டிப் புடா கோட்டையில் நடக்கும் கைவினைத் திருவிழா போன்ற இடங்களில் உட்கார இப்படிப்பட்ட அங்கீகாரத்துக்கு மதிப்பு அதிகம். நடுவர்கள் கண்டிப்பானவர்கள், திருப்பி அனுப்பினால் மனம் உடைய வேண்டாம். காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. கிஷ்குன்ஹலாஷ் ஊரில் 1902இல் ஒரு ஓவிய ஆசிரியரும் ஒரு தையல்காரப் பெண்ணும் சேர்ந்து தொடங்கிய ஊசி லேஸ் இன்றும் மூன்று மீன் முத்திரையோடுதான் வெளியே போகிறது. வரைந்தவர் ஒருவர், இழைத்தவர் ஒருவர், இருவர் பெயரும் நிற்கிறது. பாட்டியும் நீங்களும் ஒரு சின்ன முத்திரை யோசியுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவரைச் சார்ந்து வந்த குடியிருப்பு அனுமதி சுயதொழிலுக்கு இடம் தருகிறதா என்பதை முதலில் குடியேற்ற அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் ஒரு பொருளும் விற்காதீர்கள், தெரிந்தவருக்குக்கூட. அனுமதி உண்டென்றால் தனிநபர் தொழில்முனைவோராகப் பதிவு. அங்கே ஆஃபா என்று சொல்லும் விற்பனை வரி 27 சதவீதம். ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு விலக்கு கேட்கலாம், அந்த வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால் உள்ளூர்க் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். துணிப் பொருள் எதுவானாலும் என்ன நார், எத்தனை சதவீதம் என்று லேபிள் வேண்டும், ஹங்கேரியில் விற்றால் ஹங்கேரி மொழியில். 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியும் வந்துவிட்டது. செய்தவர் பெயர், முகவரி, தொடர்பு பொருளோடு இருக்க வேண்டும். இணையத்தில் விற்றாலும் அதேதான்.

மெஷினுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை என்ன செய்வது என்று கணவர் கேட்பார். நல்ல மேசை விளக்கு ஒன்று, முதுகுக்கு ஆதரவான நாற்காலி ஒன்று, 20 மீட்டர் தரமான லினன், நோட்டில் குறித்த எண்களில் நூல். மீதியை வங்கியில் போட்டுவிட்டு, பாட்டி வீட்டுக்கு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதம் கழித்து, அந்தத் தாள்களில் பாட்டி கையில்லாமல் நீங்களே வரைந்த மூன்று பூவைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எதைப் பையில் போடுவது, எதைக் காலரில் போடுவது என்று அப்போது பேசலாம்.